கோதுமை ஒத்துக்கொள்ளாத உடம்பு: செலியாக் நோயின் அறிகுறிகளும் உணவு வழிகளும்

சிறுதானிய மதிப்புக்கூட்டல் பயிற்சிகளில் சில ஆண்டுகளாக ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "எங்க கேழ்வரகு மாவு பாக்கெட்டில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சடிக்கலாமா சார்?" கேட்பவர்களில் பலருக்கு அது விற்பனைக்கு உதவும் ஒரு சொல் என்ற அளவில்தான் தெரிந்திருக்கிறது. அந்தச் சொல்லை நம்பி மாவு வாங்குகிறவர் யார், அது பொய்யானால் அவர் உடம்பில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டால் பதில் தானாகக் கிடைத்துவிடும்.

ஆகவே இந்தக் கட்டுரை இரு தரப்பினருக்கானது. வீட்டில் யாருக்காவது கோதுமை ஒத்துக்கொள்ளவில்லையோ என்று ஐயப்படுகிறவர்கள் ஒரு தரப்பு. தானியம் விளைவித்து, அரைத்து, பாக்கெட் போட்டு விற்கிறவர்கள் இன்னொரு தரப்பு. நோயை உறுதி செய்வதும் சிகிச்சை சொல்வதும் மருத்துவரின் வேலை. தானியம், மாவு, மில், அடுப்படி ஆகியவற்றைப் பற்றிச் சொல்வது எங்கள் வேலை. இந்த நோயைப் பொறுத்தவரை உணவே மருந்தாக இருப்பதால் இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

குளூட்டன் என்பது என்ன?

மைதா மாவைப் பிசைந்து, அந்த உருண்டையைத் தண்ணீரில் கசக்கிக் கழுவிப் பாருங்கள். வெள்ளையாக மாவுச்சத்து கரைந்து போய்விடும். கடைசியில் கையில் ரப்பர் போல இழுபடும் ஒரு பிசின் மிஞ்சும். அதுதான் குளூட்டன். பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது அது கிழியாமல் துணி போல விரிவதற்கும், பன் உப்பி வருவதற்கும் காரணம் இதுவே. அரிசி மாவையோ கேழ்வரகு மாவையோ அப்படி வீச முடியாது. அவற்றில் இந்தப் புரதம் கிடையாது.

கோதுமையில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குளூட்டன்தான். கிளையடின், குளூட்டெனின் என்ற இரு புரதக் குழுக்கள் சேர்ந்தது அது. பார்லியிலும், 'ரை' என்ற மேலை நாட்டுத் தானியத்திலும் இதன் நெருங்கிய உறவுப் புரதங்கள் இருக்கின்றன. இந்த 'ரை' என்பதைச் சில மொழிபெயர்ப்புகளில் 'கம்பு' என்று எழுதிவிடுகிறார்கள். அதைப் படித்துவிட்டுக் கம்பங்கூழை நிறுத்த வேண்டாம். நம் கம்பு வேறு பயிர். அதில் குளூட்டன் இல்லை.

உடம்பில் என்ன நடக்கிறது?

நம் சிறுகுடலின் உட்புறம் வழவழப்பான குழாய் அல்ல. கம்பளத்தின் நூல்கள் போல லட்சக்கணக்கான நுண்ணிய விரல்கள் அதில் நீட்டிக்கொண்டிருக்கும். பயிருக்குச் சல்லி வேர்கள் எப்படியோ அப்படித்தான் உடம்புக்கு இந்தக் குடல் விரல்கள். உண்ட உணவின் சத்து இவற்றின் வழியாகவே இரத்தத்தில் சேர்கிறது.

செலியாக் நோய் உள்ளவர்களின் உடம்பில், குளூட்டன் உள்ளே போனதும் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் குடலையே எதிரியாக நினைத்துத் தாக்கத் தொடங்குகிறது. குடல் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகி, ஒரு கட்டத்தில் மழுங்கிப் போகின்றன. வேர் அழுகிய செடிக்கு எவ்வளவு உரம் வைத்தாலும் மேலே பச்சை ஏறாதது போல, இவர்கள் எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டுவதில்லை.

பாதிப்பு சிறுகுடலின் முதல் பகுதியில்தான் அதிகம். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் பெருமளவு உறிஞ்சப்படும் இடமும் அதுவே. இரத்தசோகையும் எலும்புத் தேய்மானமும் இந்த நோயில் இத்தனை பேருக்கு வருவதற்குக் காரணம் இந்த அமைப்புதான்.

இது பரம்பரைத் தன்மை உள்ள நோய். டிகியூ2, டிகியூ8 என்று அழைக்கப்படும் மரபணு வகைகளில் ஒன்றாவது இருந்தால்தான் பெரும்பாலும் வரும். ஆனால் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருவதில்லை. மிகச் சிலருக்கே வருகிறது. ஒட்டுவாரொட்டி அல்ல. எந்த வயதிலும் தலைகாட்டலாம்.

நெதர்லாந்தில் தெரிந்த உண்மை

இந்த நோயைப் பற்றி 1888-இல் சாமுவேல் கீ என்ற ஆங்கிலேய மருத்துவர் தெளிவாக எழுதினார். உணவில்தான் தீர்வு இருக்கிறது என்று அவர் சரியாகவே ஊகித்தார். எந்த உணவு குற்றவாளி என்று தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தவர் வில்லெம் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். கோதுமை மீது அவருக்கு 1930-களிலேயே ஐயம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் போரினால் அங்கே பெரும் பஞ்சம், ரொட்டிக்கு வழியில்லை. ஊரே மெலிந்து கிடந்தபோது, செலியாக் நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடியும் நோய்வாய்ப்பட்டார்கள். 1950-இல் அவர் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இதை முறையாக நிறுவினார். மருந்தால் தீராத ஒரு நோய்க்கு ஒரு தானியத்தை நிறுத்துவதே சிகிச்சை என்று உலகம் ஏற்றுக்கொண்டது அதன் பிறகுதான்.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

"இது வடநாட்டு நோய், நமக்கு வராது" என்று படித்தவர்கள்கூடச் சொல்வதுண்டு. பாதி உண்மை. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் நாட்டின் வட, வடகிழக்கு, தென் பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். வட பகுதியில் 100 பேருக்கு 1.23 பேர், வடகிழக்கில் 0.87 பேர், தென் பகுதியில் 0.10 பேர் என்ற அளவில் இரத்தத்தில் செலியாக் நோய்க்கான எதிர்ப்பொருள் இருந்தது. அதாவது தெற்கே ஆயிரம் பேருக்கு ஒருவர்.

ஆனால் அதே ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. நோய்க்கு இடம் தரும் மரபணு மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் இருந்தது. தெற்கே 36 விழுக்காட்டினரிடம். பெரிய வேறுபாடு தட்டில்தான் இருந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கே 25 கிராம். நம்மைக் காத்து வந்திருப்பது நம் இரத்தம் என்பதைவிட இட்லியும் சோறும் என்று சொல்வதே பொருத்தம். அது மட்டுமே முழு விளக்கம் என்று சொல்ல முடியாது; வடகிழக்கில் நாளொன்றுக்கு 37 கிராம்தான் சாப்பிட்டார்கள், நோயோ தெற்கைவிடப் பல மடங்கு.

இன்று நம் தட்டும் மாறுகிறது. சர்க்கரை நோய்க்கு என்று இரவில் சப்பாத்தி, பிள்ளைகளுக்குப் பிஸ்கட்டும் நூடுல்ஸும், சாலையோரம் எங்கும் பரோட்டா, ரேஷனிலும் கோதுமை. நோய் தலைகாட்டினால் அடையாளம் தெரிய வேண்டும். ஆயிரத்தில் ஒருவர் என்றாலே ஒரு லட்சம் பேர் வாழும் ஒன்றியத்தில் நூறு பேரின் இரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் இருக்கும்.

எந்த அறிகுறிகளைக் கண்டு ஐயப்பட வேண்டும்?

குழந்தைகளிடம் படம் ஓரளவு தெளிவாக இருக்கும். தாய்ப்பாலோடு இணை உணவு கொடுக்கத் தொடங்கிய சில மாதங்களில், அதில் கோதுமை சேர்ந்த பிறகு, வயிற்றுப்போக்கு நிற்காமல் தொடரும். மலம் வெளுத்து, அளவில் அதிகமாக, கெட்ட நாற்றத்துடன் போகும். வயிறு உப்பியும் கைகால்கள் குச்சியாகவும் இருக்கும். எடை ஏறாது. குழந்தை எப்போதும் சிணுங்கிக்கொண்டே இருக்கும். சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கே இல்லாமல், உயரம் மட்டும் வளராமல் நின்றுவிடலாம். பருவமடைதல் தள்ளிப் போகலாம். "எங்க குடும்பமே குள்ளம்தான்" என்று விட்டுவிடுவது இங்கேதான் ஆபத்து. அண்ணன் தம்பியைவிட ஒரு பிள்ளை மட்டும் வெகுவாகப் பின்தங்கினால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெரியவர்களிடம் நோய் பல வேடங்களில் வரும். அவற்றில் முதன்மையானது மாத்திரைக்குக் கட்டுப்படாத இரத்தசோகை. நம் பெண்களிடம் இரத்தசோகை அதிகம். அதற்குப் போதாத உணவு, மாதவிடாய், வெறுங்காலோடு வயலில் நடப்பதால் ஏறும் கொக்கிப்புழு எனப் பல காரணங்கள் உண்டு. அவையே மிகப் பெரும்பாலானவை. குடற்புழு மாத்திரையும் போட்டு, இரும்புச்சத்து மாத்திரையும் மாதக்கணக்கில் ஒழுங்காக எடுத்து, அப்போதும் இரத்த அளவு ஏறவில்லை என்றால் சத்து உறிஞ்சப்படுகிறதா என்று பார்க்கச் சொல்வது நியாயமான கேள்வி.

இவை தவிர ஓயாத களைப்பு, வயிறு உப்புசம், அடிக்கடி வரும் வாய்ப்புண், இளம் வயதிலேயே எலும்பு வலியும் முறிவும், காரணம் தெரியாத குழந்தையின்மை அல்லது அடுத்தடுத்த கருச்சிதைவு, கைகால் மரத்துப் போதல் ஆகியவையும் இதன் வெளிப்பாடாக இருக்கலாம். முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் இரு பக்கமும் ஒரே மாதிரி, தாங்க முடியாத அரிப்புடன் சிறு கொப்புளங்கள் வருவது செலியாக்கின் தோல் வடிவம். முதல் வகைச் சர்க்கரை நோய், தைராய்டு சுரப்பியில் நோய் எதிர்ப்பாற்றல் சார்ந்த கோளாறு, டவுன் சிண்ட்ரோம் ஆகியவை உள்ளவர்களுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்.

இந்த அறிகுறிகளில் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதால் செலியாக் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குடல் காசநோய், ஜியார்டியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, நம் பகுதியில் காணப்படும் வெப்பமண்டல ஸ்ப்ரூ, பால் சர்க்கரை செரிக்காமை ஆகியவையும் இதே முகத்துடன் வரும். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு.

சோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பலரும் ஐயம் வந்தவுடன் தாங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டு, இரண்டு மாதம் கழித்துச் சோதனைக்குப் போகிறார்கள். அதற்குள் இரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்து, குடலும் தேறத் தொடங்கியிருக்கும். சோதனை 'நோய் இல்லை' என்று சொல்லும். நோயோ உள்ளேயே இருக்கும்.

முதலில் செய்வது டிடிஜி-ஐஜிஏ என்ற இரத்தப் பரிசோதனை. கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பார்ப்பார்கள். சிலருக்கு அந்த எதிர்ப்பொருளே பிறவியில் குறைவு என்பதால் முதல் சோதனை ஏமாற்றிவிடும். இரத்த முடிவு ஐயத்தை வலுப்படுத்தினால், பெரியவர்களுக்குப் பொதுவாக எண்டோஸ்கோப்பி மூலம் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து சிறு திசுத் துணுக்குகளை எடுத்துப் பார்ப்பார்கள். இரைப்பைக் குடல் மருத்துவர் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதைப் பற்றிக் கேளுங்கள். மரபணுச் சோதனை எல்லோருக்கும் தேவையில்லை. அது 'இல்லை' என்று வந்தால் நோயை ஏறக்குறைய விலக்கிவிடலாம். 'உண்டு' என்று வந்தால் அதனால் மட்டும் எதுவும் உறுதியாகாது.

நம் ஊர்க்காரர்கள் மருத்துவரிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு கோதுமை சாப்பிடுகிறீர்கள் என்பதை. மாதத்தில் ஓரிரு நாள் சப்பாத்தி என்றால் சோதனையின் பொருள் மாறும். ஏற்கெனவே நிறுத்திவிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். சில வாரங்கள் கோதுமை கொடுத்துப் பிறகு சோதிக்கும் முறை உண்டு. அதை மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

'உணவு ஒவ்வாமைச் சோதனை' என்று நூறு, இருநூறு உணவுகளின் பட்டியலோடு ஐஜிஜி அளவைப் பார்த்து விற்கப்படும் சோதனைகளுக்குப் பணம் கட்டாதீர்கள். ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. ஓர் உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் அவை பெரும்பாலும் காட்டும்.

செலியாக் இல்லை, ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை

சோதனைகள் எல்லாம் சரியாக இருந்தும், கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, தலை பாரமாகிறது, மந்தமாக இருக்கிறது என்பவர்கள் உண்டு. இதைக் குளூட்டன் ஒவ்வாத்தன்மை என்கிறார்கள். குடல் விரல்கள் இதில் மழுங்குவதில்லை. இதை உறுதி செய்ய இரத்தச் சோதனை எதுவும் இல்லை. செலியாக் இல்லை என்று உறுதியான பிறகு, சில வாரங்கள் கோதுமையை நிறுத்திப் பார்த்து, மறுபடி சாப்பிட்டு, தொல்லை திரும்புகிறதா என்று கவனிப்பதே வழி. இவர்களில் ஒரு பகுதியினருக்குத் தொல்லை தருவது குளூட்டனே அல்ல, கோதுமையில் உள்ள ஃப்ரக்டன் என்ற மாவுப்பொருள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அது வெங்காயத்திலும் பூண்டிலும்கூட உண்டு. இத்தகையவர்கள் கோதுமையைக் குறைத்துக்கொண்டாலே போதும். கடுகளவு பட்டுவிட்டதே என்று பதற வேண்டியதில்லை.

மூன்றாவது வகை, கோதுமை ஒவ்வாமை. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வரும். சிலருக்குக் கோதுமை உண்டுவிட்டுக் கடும் உழைப்பில் இறங்கினால் மட்டும் வரும். மாவு மில்லிலும் பேக்கரியிலும் வேலை செய்பவர்களுக்கு மாவுத் தூசியைச் சுவாசித்தே ஆஸ்துமா வருவதுண்டு. மூச்சுத் திணறினால் உடனே 108-ஐ அழையுங்கள்.

எதைச் சாப்பிடலாம்?

செலியாக் உறுதியானால் வாழ்நாள் முழுதும் கோதுமை, பார்லி, ரை மூன்றையும் அறவே விட வேண்டும். 'கொஞ்சமாக' என்ற பேச்சு கிடையாது. இதைக் கேட்டதும் வட மாநிலத்துக் குடும்பம் இடிந்து போகும். அவர்களுக்கு மூன்று வேளையும் ரொட்டி. நமக்கு அந்த அளவு கவலை இல்லை. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு எல்லாமே குளூட்டன் இல்லாதவை. பருப்பு, பயறு, கிழங்கு, காய்கனி, தேங்காய், பால், முட்டை, மீன், இறைச்சி எதிலும் தடையில்லை. இட்லி, தோசை, பொங்கல், இடியாப்பம், புட்டு, ஆப்பம், அடை, களி, கூழ் என்று நம் சமையலில் பெரும்பகுதி அப்படியே நீடிக்கும்.

கருப்புக் கவுனி பற்றி ஒரு குழப்பம் உண்டு. ஒட்டும் தன்மையுள்ள அரிசியை ஆங்கிலத்தில் 'குளூட்டினஸ்' என்று சொல்வதால் அதில் குளூட்டன் இருப்பதாக நினைக்கிறார்கள். அந்த ஒட்டுதல் மாவுச்சத்தின் குணம். தாராளமாகச் சாப்பிடலாம்.

கேழ்வரகைத் தனியே சொல்ல வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. வேறு எந்தத் தானியமும் அருகில்கூட வராது. எலும்பு நலிந்த செலியாக் நோயாளிக்கு, முளைகட்டி அரைத்த கேழ்வரகுக் கஞ்சியும் மோரும் நல்ல உணவு. தொடக்கத்தில் பால் செரிக்காமல் போகலாம். குடல் தேறும் வரை தயிர், மோராக எடுத்தால் பெரும்பாலும் தொல்லை குறையும். அரிசியை மட்டும் நம்பி இருந்தால் நார்ச்சத்தும் இரும்பும் குறையும். பட்டை தீட்டிய சிறுதானியமும் அப்படியே. வெளுக்கத் தீட்டாத சாமை, தினையை வாங்குங்கள்.

ஒளிந்திருக்கும் கோதுமை

சப்பாத்தி, பரோட்டா, பூரி, பிரெட், பன், பிஸ்கட், ரஸ்க், கேக், சமோசா ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ரவையும் சேமியாவும் கோதுமை என்பது சிலருக்குத் தோன்றுவதில்லை. கேசரி, உப்புமா, பாயசம் மூன்றும் அங்கே போய்விடுகின்றன. திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலில் கிண்டுவது. சக்கையைப் பிழிந்து எடுத்தாலும் பாலில் குளூட்டன் மிச்சம் இருக்கும்.

மிகவும் ஏமாற்றுவது பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சாம்பாரும் ரசமும் அரிசிச் சோறும் மட்டுமே சாப்பிட்டும் உடம்பு தேறாத ஒருவரின் அடுப்படியில் முதலில் பார்க்க வேண்டியது அந்த டப்பாவைத்தான். அரிசி மாவு சேர்த்ததாகக் குறிப்பிட்டுள்ள வகையை வாங்கலாம்.

சத்துமாவில் கோதுமையும் பார்லியும் பல வீடுகளில் சேர்க்கிறார்கள். கடையில் வாங்குவதிலும் இருக்கும். பாலில் கலக்கும் மால்ட் பானங்களில் பார்லி மால்ட், கோதுமை இரண்டும் இருப்பது வழக்கம். கேழ்வரகை மட்டும் முளைகட்டிச் செய்த ராகி மால்ட் வேறு, அது ஆகும். கர்ப்பிணிகளுக்குக் கால் வீக்கம் வடியத் தரும் பார்லிக் கஞ்சி ஆகாது. சோயா சாஸ், சில்லி சிக்கன் மேல்மாவு, கடைப் பஜ்ஜி, சில கடை முறுக்கு, சூப் பொடி ஆகியவற்றில் மைதா இருக்கும். ஓட்ஸில் இயல்பாகக் கோதுமைக் குளூட்டன் இல்லை. ஆனால் சாதாரண ஓட்ஸ் ஆலையிலும் வயலிலும் கோதுமையோடு கலந்தே வருகிறது. 'குளூட்டன் இல்லாத ஓட்ஸ்' என்று விற்பதையும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்குங்கள். சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை.

சம்பா கோதுமை பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். பாரம்பரிய ரகம், நார்ச்சத்து அதிகம், சுவை நன்று; எல்லாம் சரி. ஆனால் அது கோதுமைதான். அதில் குளூட்டன் உண்டு, செலியாக் நோயாளிக்கு அது புதிய ரகக் கோதுமை அளவுக்கே ஆகாதது. இயற்கை முறையில் விளைந்ததாலும் குளூட்டன் போகாது. உரமும் மருந்தும் இந்த நோய்க்குக் காரணம் அல்ல. 'நாட்டுக் கோதுமை எதுவும் செய்யாது' என்று விற்பனைப் பேச்சில் சொல்பவர்கள் பிறர் குடலில் விளையாடுகிறார்கள்.

அடுப்படியில் தனிப் பூரிக்கட்டை, தனிச் சல்லடை, முடிந்தால் தனித் தோசைக்கல் வேண்டும். சப்பாத்தி சுட்ட கல்லிலேயே தோசை வார்க்காதீர்கள். உணவகத்தில் பரோட்டா போடும் கல்லில் தோசை வார்ப்பது சாதாரணம். இட்லியும் இடியாப்பமும் ஆவியில் வேகுபவை என்பதால் வெளியில் அவையே நம்பகம். மாத்திரை வாங்கும்போது அதில் கோதுமை ஸ்டார்ச் இருக்கிறதா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

மாவு மில்லில் நடப்பது

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, 'குளூட்டன் இல்லாதது' என்று விற்கும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. இது எவ்வளவு சிறிய அளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கோதுமை மாவில் 100 கிராமுக்கு 8 முதல் 10 கிராம் வரை குளூட்டன். ஊர் மில்லில் உங்களுக்கு முன்னால் கோதுமை அரைத்திருக்கிறார்கள். இயந்திரத்துக்குள்ளும் துணிப்பையிலும் ஒட்டிய மாவில் வெறும் 10 கிராம் உங்கள் ஒரு கிலோ கேழ்வரகில் கலந்தால் 800 முதல் 1,000 மில்லிகிராம் குளூட்டன் சேர்ந்துவிட்டது. வரம்பைப் போல நாற்பது, ஐம்பது மடங்கு. வரம்பை எட்டுவதற்குக் கால் கிராம் கோதுமை மாவே போதும்.

நோயாளி உள்ள குடும்பம் ஊர் மில்லுக்குப் போகவே கூடாது என்பதே என் கருத்து. 'முதலில் ஒரு கிலோ அரிசி போட்டு ஓட்டிவிட்டால் சுத்தமாகிவிடும்' என்பதை நம்பி இருக்க முடியாது. தானியத்தைக் கழுவிக் காயவைத்து, வீட்டிலேயே மிக்ஸியிலோ சிறிய அரவை இயந்திரத்திலோ அரைத்துக்கொள்ளலாம். இடியாப்ப மாவை ஊறவைத்து அரைத்து வறுக்கும் பழைய முறை இதற்கு மிகவும் பொருத்தம்.

விற்பனை செய்யும் குழுக்களுக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் இனி பதில் சொல்கிறேன். கோதுமையும் பார்லியும் நுழையாத தனி அரவைக்கூடம் உங்களிடம் இருக்கிறதா? தானியம் வரும் சாக்கு புதியதா, அல்லது கோதுமை வந்த பழைய சாக்கா? கதிரடிக்கும் இயந்திரம், கல் நீக்கும் இயந்திரம், உமி நீக்கும் இயந்திரம் ஆகியவற்றில் வாடகைக்கு வேறு என்ன ஓடுகிறது? சத்துமாவையும் கேழ்வரகு மாவையும் ஒரே மேசையில் பாக்கெட் போடுகிறீர்களா? இவற்றுக்குச் சரியான பதில் இருந்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் தொகுதிவாரியாகக் குளூட்டன் அளவைச் சோதித்து 20-க்குள் வந்தால் அச்சடியுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம். 'கேழ்வரகு 100%' என்று மட்டும் போட்டு, அதே கூடத்தில் கோதுமையும் அரைக்கப்படுகிறது என்று கீழே எழுதுங்கள். உண்மையான செலியாக் குடும்பம் அந்த வரியைத் தேடிப் படிக்கும்.

முறையாகச் செய்பவர்களுக்குச் சந்தை இருக்கிறது. நோய் அதிகமுள்ள வட மாநிலங்களில், கோதுமை தீண்டாத மாவு கிடைப்பதே குடும்பங்களுக்குப் பெரும்பாடு. தமிழ்நாட்டில் கோதுமைச் சாகுபடி மிகக் குறைவு. வயலிலும் களத்திலும் கலப்படம் ஆகும் வாய்ப்பும் அதனால் குறைவு. கோதுமை விளையும் மாநிலங்களுக்கு இந்த வசதி இல்லை. பத்துப் பதினைந்து பொருள்களைச் செய்யும் கூடத்தில் ஓரத்தில் செய்யாமல், இதற்கென்றே ஒரு சிறு கூடம் தொடங்கும் குழுக்கள் யோசித்துப் பார்க்கலாம்.

உணவை மாற்றிய பிறகு

வயிற்றுத் தொல்லை பலருக்குச் சில வாரங்களில் குறையத் தொடங்கும். குழந்தைகள் வேகமாகத் தேறி எடை ஏறுவார்கள். பெரியவர்களின் குடல் முழுமையாகச் சீராக ஓராண்டு, இரண்டாண்டு, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். வயிறு சரியாகிவிட்டது என்று மறுபடி பரோட்டாவைத் தொட்டால், அறிகுறி எதுவும் தெரியாமலேயே உள்ளே சேதம் நடக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ மருத்துவர் சொல்லும் இடைவெளியிலோ டிடிஜி அளவு, இரும்புச்சத்து, வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக இருந்தும் அளவு இறங்கவில்லை என்றால் எங்கோ கோதுமை புகுகிறது என்று பொருள்; பெருங்காய டப்பாவிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

பள்ளிக்குச் செல்லும் பிள்ளை என்றால் வகுப்பு ஆசிரியரிடமும் சத்துணவு அமைப்பாளரிடமும் எழுதிக் கொடுங்கள். சத்துணவு பெரும்பாலும் சோறு என்பதால் சிக்கல் குறைவு. பிறந்தநாள் கேக்கும் நண்பன் நீட்டும் பிஸ்கட்டும்தான் சிக்கல். வீட்டுக் கடலைமிட்டாயோ எள்ளுருண்டையோ பையில் போட்டு அனுப்புங்கள்.

வீட்டில் ஒருவருக்கு உறுதியானால், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரும் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நெருங்கிய இரத்த உறவில் பத்துப் பேரில் ஒருவர் வரை நோய் இருக்க வாய்ப்பு உண்டு, அவர்களில் பலருக்கு எந்தத் தொல்லையும் தெரியாது. பரிசோதனை முடியும் வரை அவர்கள் தங்கள் வழக்கமான உணவையே, கோதுமை உட்பட, சாப்பிட்டு வரட்டும்.